பாகிஸ்தானின் அரசமைப்பை வாசிப்பது எப்படி

பாகிஸ்தான் அரசியலைச் செய்திகளில் பின்தொடரும் வாசகர் ஒருவர் அந்நாட்டின் அரசமைப்புச் சட்டத்தைத் தாமே எடுத்து வாசிக்க முனைந்தால், இரண்டு முன்முடிவுகள் அவரை வழிமறிக்கும். ‘இஸ்லாமியக் குடியரசு’ என்ற பெயரைப் பார்த்து, மார்க்க அறிஞர்களே அங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார்கள் என்று எண்ணுவது ஒன்று. அடிக்கடி வந்துபோன ராணுவ ஆட்சிகளைப் பார்த்து, அந்த நூல் வெறும் காகிதம் என்று ஒதுக்கிவிடுவது மற்றொன்று. ஆட்சியைக் கைப்பற்றிய தளபதிகள் பலரும் நீதிமன்றத்திடம் ஒப்புதல் தேடினார்கள் என்பதும், அவர்களில் ஜியாவுல் ஹக்கும் பர்வேஸ் முஷாரஃபும் தங்கள் ஆணைகளை நாடாளுமன்றத் திருத்தமாக ஆக்கிக்கொள்ளப் பாடுபட்டார்கள் என்பதும், அந்தக் காகிதத்துக்கு ஓர் எடை இருப்பதைக் காட்டுகின்றன. ஆகவே, வாசிக்கத் தொடங்கும்போதே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பிரிவைச் செயல்படுத்துவது யார், அதைத் தடுத்து நிறுத்தக்கூடியவர் யார்? எந்த இடத்தில் குழப்பம் வந்தாலும் இக்கேள்விதான் வழிகாட்டும்.

முதல் வேலை, சரியான பதிப்பைத் தேர்ந்தெடுப்பது. பாகிஸ்தானின் தேசிய அவை வெளியிடும் பதிப்பில், ஒவ்வொரு திருத்தமும் எப்போது, எந்த ஆணையால் அல்லது சட்டத்தால் வந்தது என்ற அடிக்குறிப்புகள் உண்டு. அக்குறிப்புகள் இல்லாத பதிப்பால் பயன் குறைவு. 2024 அக்டோபரில் நிறைவேறிய 26-ஆம் திருத்தமும், 2025 நவம்பரில் நிறைவேறிய 27-ஆம் திருத்தமும் நீதித்துறையின் அமைப்பையே மாற்றியவை என்பதால், கையில் இருக்கும் பதிப்பு அவற்றை உள்ளடக்கியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பதிப்பையும் தூக்கி எறிய வேண்டாம். 1973-இல் நிறைவேறிய மூல வடிவத்தை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான், எது ஆட்சித் தலைவர் ஜுல்பிகர் அலி பூட்டோ காலத்து அவையின் முடிவு, எது பின்னால் வந்த ஜியாவுல் ஹக்கின் சேர்க்கை என்பது தெளிவாகும்.

நூலைத் திறப்பதற்கு முன்

இப்போது நடப்பில் இருப்பது அந்நாட்டின் மூன்றாவது அரசமைப்பு. 1947 ஆகஸ்டில் விடுதலை பெற்றபோது, பிரிட்டிஷ் அரசு இயற்றிய 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமே சில மாற்றங்களுடன் தற்காலிக அரசமைப்பாக வைத்துக்கொள்ளப்பட்டது; இந்தியாவும் அதையேதான் செய்தது. ஆனால் இந்தியா 1950-இல் அதிலிருந்து வெளியேறியபோது, பாகிஸ்தான் 1956 மார்ச் 23 வரை அச்சட்டத்தின்கீழ் வாழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில், 1954 அக்டோபர் 24 அன்று, கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது அரசமைப்பு அவையையே கலைத்தார். அவையின் தலைவர் தமீசுத்தீன் கான் தொடுத்த வழக்கில் சிந்து தலைமை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1955-இல் நீதிபதி முகம்மது முனீர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம், அவை இயற்றிய சட்டங்களுக்குக் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் தேவை என்ற காரணத்தைக் காட்டி அதை மாற்றியது. விடுதலை பெற்று ஏழாண்டுகளுக்கு மேல் ஆன பின்னும் மக்கள் பிரதிநிதிகளின் அவை மன்னரின் பிரதிநிதிக்குக் கீழ்ப்பட்டது என்று சொன்ன இந்தத் தீர்ப்பை, பின்னால் வரும் எல்லாத் தீர்ப்புகளுக்கும் முன்னுரையாக வைத்து வாசிப்பது நல்லது.

1956-இன் அரசமைப்புதான் நாட்டை முதன்முதலில் இஸ்லாமியக் குடியரசு என்று அறிவித்தது. அதன்கீழ் ஒரு பொதுத் தேர்தல்கூட நடைபெறவில்லை. 1958 அக்டோபர் 7 அன்று அதிபர் இஸ்கந்தர் மிர்சா அதை ரத்து செய்தார், அதே மாதம் 27 அன்று அயூப் கான் மிர்சாவையே அகற்றினார். அயூபின் 1962 அரசமைப்பு அதிபர் ஆட்சிமுறையைக் கொண்டுவந்தது. அதில் ‘இஸ்லாமிய’ என்ற அடைமொழி முதலில் நீக்கப்பட்டு, அடுத்த ஆண்டே திருத்தத்தின் மூலம் திரும்பி வந்தது. 1969-இல் யாஹ்யா கான் அதையும் நீக்கினார். 1970-இன் தேர்தல், 1971-இல் வங்கதேசம் பிரிந்தது ஆகியவற்றுக்குப் பின், மீதமிருந்த மேற்குப் பகுதியின் பிரதிநிதிகள் கூடி 1973 ஏப்ரல் 10 அன்று நிறைவேற்றி, ஆகஸ்ட் 14 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்ததே இப்போதைய நூல். நாட்டின் பாதியை இழந்த அவை எழுதியது என்பதை மறந்துவிட்டால், அதில் மாகாணங்களுக்குக் கொடுக்கப்பட்ட இடமும், செனட் என்ற இரண்டாம் அவை புதிதாகச் சேர்க்கப்பட்டதும் புரியாமல் போகும்.

எலும்புக்கூட்டிலிருந்து தொடங்குங்கள்

பிரிவு 1-இலிருந்து வரிசையாக வாசிக்க வேண்டியதில்லை. 41-ஆம் பிரிவு முதல் 100-ஆம் பிரிவு வரை, அதாவது அதிபர், நாடாளுமன்றம், பிரதமர், அமைச்சரவை ஆகியவற்றைப் பற்றிய பகுதியை முதலில் வாசியுங்கள். இந்திய அரசமைப்பை ஓரளவு அறிந்தவருக்கு இங்கே பழகிய வீட்டுக்குள் நுழைந்த உணர்வே ஏற்படும்: இரண்டு அவைகள், பெரும்பான்மையால் நிற்கும் பிரதமர், பெயரளவிலான தலைவர், அவை கூடாத நாட்களில் பிறப்பிக்கும் அவசரச் சட்டம். தேசிய அவையில் 336 இடங்கள் உள்ளன. அவற்றில் 266 நேரடித் தேர்தலுக்கு உரியவை, 60 பெண்களுக்கும் 10 முஸ்லிம் அல்லாதோருக்கும் ஒதுக்கப்பட்டவை. இவ்விரு ஒதுக்கீடுகளும் கட்சிகள் வென்ற பொது இடங்களின் விகிதப்படி நிரப்பப்படுகின்றன. செனட்டின் 96 இடங்களில், மக்கள்தொகையைப் பொருட்படுத்தாமல், நான்கு மாகாணங்களுக்கும் தலா 23, இஸ்லாமாபாதுக்கு 4. பஞ்சாபின் எண்ணிக்கை வலிமைக்கு எதிராகப் பலுசிஸ்தானுக்குக் கிடைத்த அரிய சமநிலை இது. ஆனால் நிதி மசோதாவை நிறைவேற்றும் அதிகாரமும் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் செனட்டுக்கு இல்லை என்பதையும் அருகிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்பகுதியைப் பயிற்சியாக வாசிக்க 2022 ஏப்ரலைவிடச் சிறந்த நிகழ்ச்சி இல்லை. 95-ஆம் பிரிவு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் வழிமுறையைச் சொல்கிறது. 58-ஆம் பிரிவு, அத்தகைய தீர்மானத்துக்கு அறிவிப்புக் கொடுக்கப்பட்ட பின் பிரதமர் அவையைக் கலைக்கப் பரிந்துரைக்க முடியாது என்கிறது. 69-ஆம் பிரிவு, நாடாளுமன்ற நடவடிக்கைகளை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்கிறது. இம்மூன்றையும் அருகருகே வைத்துக்கொண்டு நடந்ததைப் பாருங்கள். ஏப்ரல் 3 அன்று துணை சபாநாயகர் காசிம் சூரி, அரசுக்கு விசுவாசம் கோரும் 5-ஆம் பிரிவைக் காட்டி, இம்ரான் கானுக்கு எதிரான தீர்மானத்தைத் தள்ளுபடி செய்தார். தீர்மானம் இல்லாமல் போய்விட்டதால் 58-இன் தடையும் விலகிவிட்டது என்ற கணக்கில் பிரதமர் பரிந்துரைக்க, அதிபர் ஆரிஃப் ஆல்வி அவையைக் கலைத்தார். ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இரண்டையும் செல்லாதவை என்றனர். அரசமைப்பை மீறிய நடவடிக்கைக்கு 69-ஆம் பிரிவு கேடயமாகாது என்பதே அதன் சாரம். ஏப்ரல் 10 அதிகாலையில் 174 வாக்குகளுடன் தீர்மானம் நிறைவேறியது. 172 வாக்குகள் போதுமானவையாக இருந்தன. பாகிஸ்தானில் பிரதமர் ஒருவர் இவ்வழியில் பதவி இழந்தது அதுவே முதல் முறை.

இதே 58-ஆம் பிரிவின் அடிக்குறிப்பையும் விட்டுவிடாதீர்கள். 1985-இல் ஜியாவின் எட்டாம் திருத்தம் அதில் 2(பி) என்ற உட்பிரிவைச் சேர்த்து, தம் விருப்பப்படி தேசிய அவையைக் கலைக்கும் அதிகாரத்தை அதிபருக்கு அளித்தது. 1988-இல் ஜியாவே அதைக் கொண்டு பிரதமர் ஜுனேஜோவை வீட்டுக்கு அனுப்பினார். 1990-இல் பெனாசிர், 1993-இல் நவாஸ் ஷெரீப், 1996-இல் மீண்டும் பெனாசிர் அதற்குப் பலியானார்கள். இவர்களில் நவாஸை மட்டும் நீதிமன்றம் மீட்டது, அதுவும் சில வாரங்களுக்கே நிலைத்தது. 1997-இல் நீக்கி, 2003-இல் முஷாரஃபுக்காக மீண்டும் சேர்த்து, 2010-இல் 18-ஆம் திருத்தத்தால் மறுபடி நீக்கிய இந்த ஓர் உட்பிரிவின் வரலாறு, நாட்டில் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதை ஆண்டுவாரியாகச் சொல்லிவிடுகிறது.

இஸ்லாமியப் பிரிவுகளைத் தேடி வாசித்தல்

இஸ்லாம் பற்றிய ஏற்பாடுகள் நூலெங்கும் சிதறிக் கிடப்பதால், அவற்றைத் தனித்தாளில் தொகுத்துக்கொள்வது உதவும். பிரிவு 1 நாட்டின் பெயரையும், பிரிவு 2 அரசு மதத்தையும் சொல்கின்றன. அதிபர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 41, பிரதமருக்கும் அதே நிபந்தனையை விதிக்கிறது பிரிவு 91. பிரிவு 31 அரசின் கொள்கை நெறிகளில் ஒன்று, நீதிமன்றத்தில் அமலாக்கக் கோர முடியாதது. கனமானவை மூன்று இடங்களில் இருக்கின்றன: 2ஏ, 203ஏ தொடங்கிவரும் அத்தியாயம், 227 முதல் 230 வரை.

1949 மார்ச் 12 அன்று அரசமைப்பு அவை நிறைவேற்றிய குறிக்கோள் தீர்மானத்தில் 2ஏ-யின் வேர் இருக்கிறது. பேரண்டத்தின் இறையாண்மை அல்லாஹ்வுக்கே உரியது, அவன் வகுத்த வரம்புக்குள் அரசதிகாரத்தை மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் செலுத்துவார்கள் என்பது அதன் மையம். அப்போதைய பிரதமர் லியாகத் அலி கான் முன்மொழிந்த அத்தீர்மானத்தைக் கிழக்கு வங்கத்தின் ஸ்ரீஷ் சந்திர சட்டோபாத்யாய உள்ளிட்ட இந்து உறுப்பினர்கள் எதிர்த்துப் பேசினர். நெடுங்காலம் முகவுரையாக மட்டுமே இருந்ததை, 1985-இல் ஜியா ஓர் ஆணையின் மூலம் செயலுள்ள பிரிவாக மாற்றினார். அப்படியானால் மற்ற எல்லாப் பிரிவுகளையும் இதைக் கொண்டு அளந்து, முரணானவற்றை நீதிமன்றம் தள்ளிவிடலாமா? 1992-இல் ஹாக்கிம் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘கூடாது’ என்றது: 2ஏ மற்ற பிரிவுகளுக்கு மேலானதன்று, அவற்றோடு ஒன்றானது; முரண்பாடு இருந்தால் அதைத் தீர்க்க வேண்டியது நாடாளுமன்றம். என் பார்வையில், இஸ்லாமியப் பிரிவுகளைப் புரிந்துகொள்ள வாசிக்க வேண்டிய ஒரே ஒரு தீர்ப்பு எதுவென்று கேட்டால், இதுதான்.

227-ஆம் பிரிவு, எல்லாச் சட்டங்களும் குர்ஆனுக்கும் நபிவழியான சுன்னாவுக்கும் இசைவாக்கப்பட வேண்டும், அவற்றுக்கு முரணான சட்டம் இயற்றக் கூடாது என்கிறது. வாசிப்பவர் இங்கே நின்றுவிட்டால் ஏமாந்துபோவார். அடுத்த பிரிவுகள் அப்பணியை இஸ்லாமியக் கருத்தியல் அவையிடம் ஒப்படைக்கின்றன; 8 முதல் 20 உறுப்பினர்கள் கொண்ட, நீதிபதிகளையும் குறைந்தது ஒரு பெண்ணையும் உள்ளடக்கிய அந்த அவை ஆலோசனை கூறலாமே தவிர, எந்தச் சட்டத்தையும் ரத்து செய்ய இயலாது. ரத்து செய்யும் அதிகாரம் 1980-இல் ஜியா உருவாக்கிய கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் 203பி பிரிவில் ‘சட்டம்’ என்பதற்குத் தரப்பட்டிருக்கும் வரையறையைப் பாருங்கள்: அரசமைப்பு, முஸ்லிம் தனிநபர் சட்டம், நீதிமன்ற நடைமுறைச் சட்டங்கள் ஆகியன அந்நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன, வரி, வங்கி தொடர்பான நிதிச் சட்டங்களுக்கும் 10 ஆண்டுக் காலம் விலக்கு அளிக்கப்பட்டது. நாட்டை இஸ்லாமியமயமாக்குவதாகச் சொன்ன தளபதி, தம் அதிகாரத்துக்கும் கருவூலத்துக்கும் ஆபத்தான இடங்களில் வேலி போட்டுவிட்டுத்தான் அந்த நீதிமன்றத்தைத் திறந்தார்.

வேலி நீங்கிய பின் நடந்ததற்கு வட்டி வழக்கே சான்று. 1991 நவம்பரில் ஷரீஅத் நீதிமன்றம் வங்கி வட்டியும் ‘ரிபா’வே, அதாவது இஸ்லாம் தடுத்த வட்டியே என்றது. 1999 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஷரீஅத் மேல்முறையீட்டு அமர்வு அதை உறுதிசெய்தது. 2002-இல் மறுஆய்வில் அத்தீர்ப்புகள் ஒதுக்கப்பட்டு, வழக்கு தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 28 அன்று அதே நீதிமன்றம் அதே முடிவுக்கு வந்து, 2027 இறுதிவரை அவகாசம் அளித்தது. அதன் மீதும் மேல்முறையீடுகள் தாக்கலாயின. 2024 வரை, மேல்முறையீடு செய்த மாத்திரத்திலேயே ஷரீஅத் நீதிமன்றத்தின் தீர்ப்பு நின்றுபோகும் என்பதுதான் விதி. 26-ஆம் திருத்தம், 2028 ஜனவரி 1-க்கு முன் ரிபாவை இயன்ற அளவு ஒழிக்க வேண்டும் என்று 38-ஆம் பிரிவில் எழுதியது. அப்பிரிவு அமைந்திருப்பது எந்தப் பகுதியில் என்று திருப்பிப் பாருங்கள்: நீதிமன்றத்தில் அமலாக்கக் கோர முடியாத அதே கொள்கை நெறிகளில்.

வேட்பாளர் தகுதி பற்றிய 62-ஆம் பிரிவையும் இத்தொகுப்பில் சேர்க்க வேண்டும். நேர்மையும் நம்பகமும் உடையவராக, ‘சாதிக்’, ‘அமீன்’ என்று மக்கள் பேச்சில் வழங்கும் குணங்கள் உடையவராக உறுப்பினர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஜியா காலத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் உறங்கிய அந்த வரியைக் கொண்டே, 2017 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் நவாஸ் ஷெரீப்பைப் பதவி நீக்கியது. துபாய் நிறுவனம் ஒன்றிலிருந்து வரவேண்டியிருந்த, அவர் பெறாத சம்பளத்தை வேட்புமனுவில் காட்டவில்லை என்பது காரணம். 2018-இல் இந்தத் தகுதியிழப்பு ஆயுளுக்கும் உரியது என்ற நீதிமன்றம், 2024 ஜனவரியில் அப்படியன்று என்றது.

சிறுபான்மையினர் பற்றிய பகுதிகள்

20-ஆம் பிரிவின் மதச் சுதந்திரம், 36-ஆம் பிரிவின் பாதுகாப்பு ஆகியவற்றோடு 260-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். வரையறைகள் அடங்கிய இப்பகுதியில், 1974 செப்டம்பரில் ஜுல்பிகர் அலி பூட்டோவின் ஆட்சியில் இரண்டாம் திருத்தம் வந்து, தம்மை முஸ்லிம்களாகவே கருதும் அகமதியாக்களை முஸ்லிம் அல்லாதோராக வகைப்படுத்தியது. இப்போதுள்ள விரிவான சொற்கள் 1985-இல் வந்தவை. மதவாதத் தளபதியின் காலத்தில் அன்று, மதச்சார்பற்றவராகக் கருதப்பட்ட பிரதமரின் காலத்தில், முழு அவையின் ஆதரவுடன் அது நடந்தது என்பதை மறக்கலாகாது. குறிக்கோள் தீர்மானத்தில், சிறுபான்மையினர் தம் மதங்களைச் ‘சுதந்திரமாக’ப் பின்பற்றலாம் என்றிருந்த இடத்தில் அந்த ஒற்றைச் சொல் 1985-இன் இணைப்பில் விடுபட்டு, 2010-இல்தான் திரும்பச் சேர்ந்தது. அடிக்குறிப்பைப் பார்க்காதவர் கண்ணில் இது படாது. நாட்டின் முதல் சட்ட அமைச்சர் ஜோகேந்திரநாத் மண்டல் ஒரு தலித் இந்து. 1960 முதல் 1968 வரை தலைமை நீதிபதியாக இருந்த ஏ.ஆர். கார்னீலியஸ் ஒரு கிறிஸ்தவர். இரு உயர்பதவிகளை மட்டும் அரசமைப்பே மூடியிருக்கிறது என்பதற்கு இவை சான்றாக நிற்கின்றன. மற்ற பதவிகள் நடைமுறையில் ஏன் எட்டாமற் போயின என்பதை இந்த நூலுக்கு வெளியேதான் தேட வேண்டும்.

கூட்டாட்சி

தமிழ்நாட்டு வாசகருக்கு, சட்டமியற்றும் அதிகாரப் பட்டியல் அடங்கிய நான்காம் அட்டவணை தனிச்சுவை தரும். 1935-இன் சட்டம் விட்டுச்சென்ற பொதுப் பட்டியலை இந்தியா இன்னும் வைத்திருக்கிறது. கல்வி அதற்கு மாற்றப்பட்டது பற்றிய வாதம் இங்கு ஓயவில்லை. பாகிஸ்தான் 2010-இல் 18-ஆம் திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலையே ஒழித்து, கல்வி, மருத்துவம் போன்றவற்றை மாகாணங்களிடம் விட்டது. வடமேற்கு எல்லைப்புற மாகாணம் கைபர் பக்துன்க்வா ஆனதும் அப்போதுதான். இத்துடன் 160-ஆம் பிரிவை வாசியுங்கள்: நிதிப் பகிர்வில் மாகாணங்களின் பங்கு முந்தைய பகிர்வைவிடக் குறையக் கூடாது என்று அதில் இருக்கிறது, ஏழாவது பகிர்வு அப்பங்கை 57.5 சதவீதமாக்கியது. பாதுகாப்புச் செலவும் கடன் வட்டியும் மத்திய அரசின் தலையில் இருப்பதால், இந்த வரியை மாற்ற வேண்டும் என்ற குரல் இஸ்லாமாபாதில் அவ்வப்போது எழும். சிந்து அதை எதிர்க்கும். பாகிஸ்தானின் அரசமைப்பில் உண்மையான இழுபறி நடக்கும் இடம் ஷரீஅத் பிரிவுகளைவிட இதுவே என்று நான் கருதுகிறேன்.

நூல் நிறுத்திவைக்கப்பட்ட காலங்கள்

6-ஆம் பிரிவு, அரசமைப்பைப் பலவந்தமாகக் கவிழ்ப்பதைப் பெருந்துரோகம் என்கிறது. அதை நான்கு தீர்ப்புகளோடு காலவரிசையில் வாசிக்க வேண்டும். 1958-இல் தோசோ வழக்கில், வெற்றிபெற்ற புரட்சி தானே சட்டத்தின் மூலமாகிறது என்று முனீர் நீதிமன்றம் சொன்னது. 1972-இல் அஸ்மா ஜிலானி வழக்கில் அதை உச்ச நீதிமன்றம் தள்ளி, யாஹ்யாவை அதிகாரத்தைப் பறித்தவர் என்றது. ஆனால் அவர் அப்போது பதவியில் இல்லை. 1977-இல் நுஸ்ரத் பூட்டோ வழக்கில், பதவியில் இருந்த ஜியாவின் செயல், நாட்டைக் காக்க வேறு வழியில்லை என்னும் ‘அவசியக் கோட்பாட்டின்’ பேரில் ஏற்கப்பட்டது. 2000-இல் ஜாபர் அலி ஷா வழக்கில் முஷாரஃபுக்கு மூன்றாண்டு அவகாசமும், அரசமைப்பைத் திருத்தும் உரிமையும்கூடக் கிடைத்தன. இவ்வரிசையைக் கண்ட பிறகே, 18-ஆம் திருத்தம் 6-ஆம் பிரிவில், அரசமைப்பை நிறுத்திவைப்பதும் துரோகமே, அதை எந்த நீதிமன்றமும் செல்லுபடியாக்கக் கூடாது என்று ஏன் சேர்த்தது என்பது விளங்கும். 2007-இன் நெருக்கடிநிலைக்காக முஷாரஃபுக்கு 2019 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது 2024 ஆகிவிட்டது, அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்திருந்தார்.

அண்மைத் திருத்தங்கள் இரண்டையும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியாக வாசிக்கலாம். 26-ஆம் திருத்தம், மூத்த நீதிபதி தாமாகவே தலைமை நீதிபதியாகும் முறையை நீக்கி, மூத்த மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நாடாளுமன்றக் குழுவிடம் கொடுத்தது. 27-ஆம் திருத்தம் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் என்ற தனி நீதிமன்றத்தை உருவாக்கி, 243-ஆம் பிரிவில் முப்படைகளுக்கும் மேலான தலைமைத் தளபதிப் பதவியைச் சேர்த்தது. முன்பு தளபதிகள் நீதிமன்றத்திடம் கேட்டுப் பெற்றதை, இப்போது நாடாளுமன்றமே பிரிவாக எழுதித் தருகிறது.

புதிய திருத்தம் எதுவும் வரும்போது 239-ஆம் பிரிவைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் ஆதரிக்க வேண்டும். நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பே இல்லை, எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்று அப்பிரிவு சொன்னாலும், 2015-இல் ராணுவ நீதிமன்றங்கள் பற்றிய வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் வரம்பு உண்டு என்று கூறிவிட்டு, அந்நீதிமன்றங்களை அமைத்த திருத்தத்தை நிலைநிறுத்தினர். மாகாண எல்லையைத் தொடும் திருத்தமானால், அம்மாகாண அவையிலும் மூன்றில் இரு பங்கு வேண்டும். 2018 மே மாதத்தில் பழங்குடிப் பகுதிகளைக் கைபர் பக்துன்க்வாவோடு இணைத்த 25-ஆம் திருத்தம், இரு அவைகளையும் கடந்த பின் பெஷாவரில் அம்மாகாண அவையின் வாக்கெடுப்பிலும் வென்று, அதற்குப் பிறகுதான் அதிபரின் கையெழுத்துக்குச் சென்றது.